ஏழு நாள் அரிசி

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உறையில் விலாசம் எழுதும் வேலையை உன் அம்மா என் தலையில் கட்டியிருக்கிறாள். முப்பது உறை எழுதினேன். முப்பத்தோராவது உறையில் உன் பெயரை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். "மாப்பிள்ளைக்கே பத்திரிகையா? இன்னா கூத்து இது" என்று அவள் சிரித்தாள். பத்திரிகை இல்லை, கடிதம் எழுதப் போகிறேன் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, பேனாவில் மை இருக்கிறதா என்று அவளே உதறிப் பார்த்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நீ பம்பாய் போய் ஆறு வருஷம் ஆகிறது. மாதம் தவறாமல் அம்மாவுக்குக் கடிதம் போடுகிறாய். அதன் கடைசி வரியில் 'நைனாவுக்கு வணக்கம்' என்று இருக்கும். அவள் பதில் போடும்போது கடைசி வரியில் 'நைனா சௌக்கியம்' என்று எழுதுவாள். லீவில் வந்தால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, வண்டி எத்தனை மணிக்கு என்று பேசிக்கொள்கிறோம். மற்றபடி நாம் இரண்டு பேரும் அந்தக் கடைசி வரியிலேயே குடியிருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கிருந்து வெளியே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

போன வாரம் ஆரம்பாக்கத்திலிருந்து உன் மாமனார் வந்திருந்தார். பத்திரிகையைப் பார்த்தார், காப்பி குடித்தார், எழுந்து போக மனசில்லாமல் துண்டை மடித்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "பம்பாய் ரொம்ப தூரமா சம்மந்தி?" என்று கேட்டார். இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு பகல் என்றேன். "பாப்பா கும்மிடிப்பூண்டி இஸ்கூலுக்கு வேலைக்குப் போறா. ரெண்டே டேசன்தான். சாயங்காலம் வண்டி லேட்டாச்சுன்னா நான் பிளாட்பாரத்துல போய் நின்னுகினு இருப்பேன். எங்க ஊட்டுல சிரிப்பாங்க" என்றார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. அவராவது பிளாட்பாரத்தில் நிற்பதோடு விட்டார். நான் செய்தது உனக்குத் தெரியும். ஏன் செய்தேன் என்று மட்டும் நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

உனக்கு ஆறு வயசிருக்கும். தை அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயிலுக்குப் போயிருந்தோம். குளத்தில் வெல்லம் கரைக்கிற கூட்டம். ஒரு கையில் வெல்லப் பொட்டலம், ஒரு கையில் உன் கை. வெல்லத்தைக் கரைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. அந்தக் குளத்தை மூன்று தடவை சுற்றினேன். நாலாம் படியில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன் பார், அந்த நேரம் என் எதிரிக்கும் வரக்கூடாது. நீ நேரே ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போய், பார்சல் எடை போடுகிற மெஷின் மேல் உட்கார்ந்து போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "நைனா, அந்த வண்டி எங்க போவுது?" என்றாய். நீ அழவே இல்லை. அழுதது நான்தான். அன்றையிலிருந்து நீ கண்ணுக்குத் தெரியாமல் போனால் தெருவில் இறங்கித் தேட ஆரம்பித்துவிடுவேன். உனக்கு மீசை முளைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நீ ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்தாய். பம்பாய்க் கம்பெனி ஒன்று மெட்ராசில் பரீட்சை வைத்தது. எழுதிவிட்டு வந்து தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றாய். அப்போது நம் வேப்பம்பட்டில் பத்துப் பதினைந்து வீடுதான். தபால்காரர் சைக்கிள் திரும்புவது ஸ்டேஷனிலிருந்தே தெரியும். அந்த வெள்ளிக்கிழமை பார்த்து நீ தலைவலி என்று படுத்திருந்தாய், அம்மா கடைக்குப் போயிருந்தாள், எனக்கு இரண்டாவது ஷிப்ட். கடிதம் என் கையில் வந்தது. பிரித்தேன். நீ தேறிவிட்டாய். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பம்பாயில் வேலைக்குச் சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு என்று எழுதியிருந்தது.

எட்டு நாள். எட்டு நாள் உன்னை வாசல் பக்கம் போகாமல், தபால்காரரிடம் பேசாமல், யாரையும் விசாரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. பிறகு கடிதம் இப்போதுதான் வந்தது, தபால்காரன் லேட் பண்ணிவிட்டான் என்று சொல்லிவிடலாம். கிழித்துப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதில் உன் பெயரை டைப் அடித்திருந்தார்கள். நம் குடும்பத்தில் யாருடைய பெயரும் அதுவரை டைப்பில் வந்ததில்லை. கிழிக்கக் கை வரவில்லை.

அன்று ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பே, பூண்டி ஏரிக்கு மீன் பிடிக்கப் போகலாம், ஒரு வாரம் அங்கேயே தங்கலாம் என்று நான் சொன்னபோது உன் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏரிக்கரையில டென்ட்டு அடிச்சுகினு குந்தறது தொரைமாருங்க வேல. ஒனக்கு இன்னாத்துக்கு?" என்றாள். பதினெட்டு வருஷமாக லீவு எடுத்ததில்லை, பையனோடு இருக்க வேண்டும் என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் அவள் நம்பினாள். நீயோ தலைவலியை மறந்து குதித்து எழுந்தாய். ஃபேக்டரியிலிருந்து பழைய லாரித் தார்ப்பாய் ஒன்றை இரவல் கேட்டு வாங்கினேன். இரண்டு மூங்கில், ஒரு அலுமினியக் குண்டான், ஊறுகாய், மிளகாய்த்தூள், புளி, லாந்தர் விளக்கு. அம்மா ஏழு நாளைக்கு ஏழு படி அரிசியை அளந்து காடாத்துணிப் பையில் கட்டிக் கொடுத்தாள்.

அந்தக் கடிதத்தை எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் உன் அம்மா கண்ணில் படாமல் ஒரு குண்டூசி கூட இருக்க முடியாது. என் சட்டைப் பையை அவள் துவைக்கும்போது துழாவுவாள். துணிப் பையில் நீ துண்டைத் தேடிக் கையை விடுவாய். சனிக்கிழமை விடியற்காலை மூட்டை கட்டும்போது, அரிசிப் பைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கொண்டுபோய்ச் செருகினேன். ஏழாம் நாள்தானே அடி தெரியும், அதற்குள் பம்பாய்க்குக் கிளம்ப வேண்டிய நாள் போய்விடும் என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஏரிக் காற்றில் உன் வயிறு என்ன ஆகும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அங்கே அரிசிப் பையை நான் யாரையும் தொட விடவில்லை. கல்லும் அரிசியுமாய்க் களைந்து போட்டேன். முதல் நாள் குழைந்தது, இரண்டாம் நாள் வேகவில்லை. நீ அதையும் மூன்று தட்டு சாப்பிட்டாய். பையில் அரிசி இறங்க இறங்க எனக்குப் பயம் ஏறியது. மூன்றாம் நாளிலிருந்து கஞ்சியாக ஊற்ற ஆரம்பித்தேன். "அரிசி இவ்ளோ இருக்குதே, ஏன் நைனா ஆஸ்பத்திரி கஞ்சி ஊத்தற?" என்று கேட்டாய். உடம்புக்கு நல்லது என்றேன். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்ட பாவமும் என் கணக்கில் இருக்கிறது.

ஆனாலும் சொல்கிறேன், அந்த ஆறு நாள் போல எனக்கு இன்னொரு ஆறு நாள் அமையவில்லை. பனைமரத்துக்கும் மூங்கிலுக்கும் நடுவே தார்ப்பாயைக் கட்டி, அதன் கிரீஸ் நாற்றத்தில் படுத்திருந்தோம். பல் துலக்கும்போதே நாரைகள் இறங்கும். ஏரி மீனைக் குத்தகை எடுத்தவரிடம் வேலை பார்த்த எத்திராஜ் தினமும் சைக்கிளில் வந்து நம்மைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "ஊடு வாசல் இல்லாதவன் மாதிரி இங்க வந்து குந்திகினு கீறீங்களே! தூண்டில்னா போடு. வலைய எடுத்தா கால ஒடிச்சுருவேன்" என்பார். அவர்தான் விராலுக்குத் தவளை கட்டச் சொல்லிக் கொடுத்தார். உயிர்த் தவளையின் தொடையில் கொக்கியை மாட்டி, அல்லி இலை ஓரமாக விட வேண்டும். நீ ஒவ்வொரு தவளையிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மாட்டுவாய். நான் கிண்டல் செய்தால், "ஒன்ன மாட்டினா தெரியும்" என்பாய்.

விரால் கவ்வினால் உடனே சுண்டி இழுக்கக் கூடாது. அது தவளையைக் கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் போகும். தூண்டில் நரம்பை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நின்று விழுங்கிய பிறகுதான் இழுக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நரம்பு அசைந்ததும் இழுத்துவிடுவேன். மூன்று விரால், மூன்றும் தவளையைத் துப்பிவிட்டுப் போயின. "வுடு நைனா, வுடு, அது போவட்டும், எங்க போயிடப் போவுது" என்று நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. நாம் சாப்பிட்டதெல்லாம் புழுவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டையும் இரண்டு கெளுத்தியும்தான்.

புதன்கிழமை எத்திராஜ் வந்து, வீட்டில் அரிசி எடுக்க மறந்துவிட்டேன், இரண்டு பிடி கொடு என்று சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விட்டார். நான் பாய்ந்து போய்ப் பையைப் பிடுங்கினேன். மனுஷன் இரண்டடி பின்னால் போனார். "ரெண்டு பிடி அரிசிக்கா இப்புடி?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நீயும் பார்த்தாய். உனக்கு என்னால் ஏற்பட்ட முதல் வெட்கம் அதுதான் என்று நினைக்கிறேன். உன் பங்குக் கெண்டையை இலையில் சுற்றி அவரிடம் கொடுத்து அனுப்பினாய்.

வியாழக்கிழமை காலை உனக்கு விரால் மாட்டியது. முழங்கை நீளம். நீ அவசரப்படாமல் நரம்பை விட்டு, விட்டு, நின்று, ஒரே இழுப்பில் கரையில் போட்டாய். நான் சின்னப் பையன் மாதிரி குதித்தேன். நீ அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாய், நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிராமலே பேசினாய். "நைனா, ஒன்னு சொல்றேன், பேஜாராவாத. அந்த பம்பாய்க்காரன் லெட்டர் போட மாட்டான். டிராயிங்குல ஒரு அளவுக் கோட்ட வுட்டுட்டேன். ஒனக்குத்தான் என் மேல ரொம்ப நம்பிக்க. எனக்கு மூள அவ்ளோதான். இங்கியே எங்கியாவது பட்டறையில எல்ப்பரா பூந்துடறேன். நீ அதுக்குத்தான லீவு போட்டு என்ன இட்டாந்த, மனசு தேறட்டும்னு? தேறிட்டேன்."

கண்ணு, என் வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு அடித்ததில்லை. என் பொய்க்கு நீயே ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாய். உன்னை என்னோடு வைத்துக்கொள்ள நினைத்தேனே தவிர, நீ உன்னை மக்கு என்று நினைத்துக்கொள்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புளிக் கையோடு எழுந்து போய் அரிசிப் பையைத் தூக்கித் துண்டின் மேல் கவிழ்த்தேன். ஒரு படிகூட மிச்சமில்லை. அதன் மேல் அந்த உறை விழுந்தது, தவிடு அப்பிக்கொண்டு.

நீ கையைத் துடைத்துக்கொண்டு படித்தாய். இரண்டு தடவை படித்தாய். "எப்ப வந்துச்சு?" என்று கேட்டாய். போன வெள்ளிக்கிழமை என்றேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "ஆறு நாளா நான் மக்குன்னு நெனச்சுகினு கெடந்தேன். நீ பாத்துகினு இருந்தியா நைனா?" என்றாய். குரலைக்கூட உயர்த்தவில்லை. இன்றைக்கு ராத்திரி மெட்ராசில் வண்டி ஏறினால் சனிக்கிழமை விடியலில் பம்பாய், போ, போ என்று நான்தான் உளறினேன். நீ சட்டையை மாட்டி, கடிதத்தை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, கரை மேல் ஏறி நடந்தாய். பஸ் நிற்கும் இடத்துக்கு ஒன்றரை மைல். பகல் ஒரு மணி பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. நீ திரும்பிப் பார்ப்பாய் என்று பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பார்க்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. துண்டில் கிடந்த அரிசியைப் பொறுக்கினேன். பாதி தேய்த்த விரால் கல் மேல் கிடந்தது. வானம் மூடிக்கொண்டு வந்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும். கரை மேல் ஆள் தெரிந்தது. நீதான். வேகு வேகு என்று வந்தாய். மனசு மாறிவிட்டது, என்னோடு இருக்க வந்துவிட்டாய் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷப்பட்டேன். "வந்துட்டியா கண்ணு" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்தேன்.

நீ கிட்டே வரவில்லை. நாலடி தள்ளி நின்று, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துப் பாயின் மேல் போட்டாய். "ஈரம் படாம நான்தான் வெச்சுகினு இருந்தேன். என்னோட வந்துடுச்சு. மழ வேற வருது. நெருப்பு இல்லாம பச்சத் தண்ணி குடிச்சுகினு கெடப்ப" என்றாய். அவ்வளவுதான். மறுபடியும் கரை ஏறினாய். இந்தத் தடவை ஓடினாய்.

நான் சனிக்கிழமை வரை அங்கேயே இருந்தேன். உன் அம்மா முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லை. விராலைக் குழம்பு வைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன், தின்றேன். சனிக்கிழமை வெயில் ஏறி மணி பத்திருக்கும் என்று தோன்றியபோது எழுந்து நின்றேன். நீ உள்ளே போயிருப்பாயா, மாட்டாயா என்று தெரியாமல் அந்த ஏரியைப் பார்த்து நின்றதே எனக்குப் போதுமான தண்டனை. வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. அஞ்சாம் நாள் உன் கார்டு வந்தது. சேர்ந்துவிட்டேன் என்று எழுதி, கடைசி வரியில் எனக்கு வணக்கம் போட்டிருந்தாய்.

உனக்குக் கல்யாணப் புத்தி சொல்ல வேண்டும் என்று நாலு நாளாக யோசிக்கிறேன். அவள் பெயருக்கு வருகிற கடிதத்தை அவளே பிரிக்கட்டும். அவள் ஆரம்பாக்கம் போக வேண்டும் என்றால் எத்தனை நாள் என்று கேட்காமல் டிக்கெட் எடுத்துக் கொடு. நீ தப்புச் செய்தால் முதல் நாளே சொல்லிவிடு. இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. இதெல்லாமும் உன் தயவில் நான் கற்றுக்கொண்டது.

போன மாதம் உனக்கு வேட்டி எடுக்கப் போய்விட்டு வரும்போது ரயிலில் உன் அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சொல்லக் கூடாது என்று நீ அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம். பஸ்ஸை விட்டுவிட்டதால்தான் அன்று நீ திரும்பி வந்தாய், வந்த சாக்கில் தீப்பெட்டியைக் கொடுத்தாய் என்று நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். "இல்லய்யா" என்றாள் அவள். "இவன் அங்க போவ சொல்லவே பஸ்சு ரெடியா நின்னுகினு இருந்துச்சாம். ஒரு காலப் படியில வெச்சுட்டானாம். டிக்கெட்டுக்குக் காசு எடுக்கப் பாக்கெட்டுல கைய வுட்டிருக்கான், தீப்பெட்டி. எறங்கிட்டான். அப்பறம் ஒரு வைக்கோல் லாரி மேல குந்திகினு வந்தான். ஊட்டுக்கு வர சொல்ல தல முழுக்க வைக்கோலு. நகருற மெட்ராஸ் ரயிலுல ஏத்தி வுட்டேன்." அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் வேலையைத் தட்டிப் பறிக்கப் பார்த்தவன் நான். அந்தக் கோபம் தலைக்கேறி இருந்த நேரத்தில், படியில் வைத்த காலை எடுத்துவிட்டு, நான் ஒரு வேளை பசியோடு இருக்கக் கூடாது என்று ஒன்றரை மைல் திரும்பி நடந்திருக்கிறாய். இப்படிப்பட்டவனைத் தூரத்துக்கு அனுப்பினால் என்னை விட்டுப் போய்விடுவான் என்று பயந்தேனே. அந்தப் பயத்தில் உனக்குச் செய்ததற்கு என்னை மன்னித்துவிடு கண்ணு. அன்றே கேட்டிருக்க வேண்டும், எனக்கு வாய் வரவில்லை.

இந்தத் தடவை பதிலை எனக்குப் போடு. முதல் வரியிலிருந்து எனக்கே போடு.

உன் நைனா